எமது பட்டியல்கள் எவர் கையில்?

1983 ஜூலையில் கொழும்பு நகரின் தெருக்களில் இறங்கிய காடையர் கும்பல்களின் கைகளில் பெற்றோல் கலன்கள் மட்டும் இருக்கவில்லை. வாக்காளர் இடாப்புகளும் இருந்தன. எந்த ஒழுங்கையில் எத்தனையாம் இலக்க வீடு தமிழருடையது என்பதை அவர்கள் எவரிடமும் விசாரித்தறிய வேண்டியிருக்கவில்லை. வாக்களிக்கும் உரிமைக்காக நாமே எழுதிக் கொடுத்த பெயரும் முகவரியும் எமது வீட்டு வாசலுக்கு வழிகாட்டின. அன்றிலிருந்து 'பட்டியல்' என்பது எம்மவருக்கு வெறும் எழுதுவினைஞர் சொல்லாக இருந்ததில்லை.

தஞ்சம் கோரி வந்த இந்நாட்டிலும் எமக்கொரு பட்டியல் நேர்ந்தது. 2014 பெப்ரவரியில் அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம், தடுப்புக்காவல் பற்றிய தனது மாதாந்தப் புள்ளிவிபர அறிக்கையை வழமைபோல இணையத்தளத்தில் வெளியிட்டது. அறிக்கையில் வரைபடம் ஒன்று இருந்தது. அதை வரைவதற்குப் பயன்பட்ட அட்டவணை முழுவதும் அவ்வரைபடத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்ததை எவரும் கவனிக்கவில்லை. ஏறத்தாழ 9,250 பேரின் முழுப்பெயர், பிறந்த திகதி, குடியுரிமை, தடுத்து வைக்கப்பட்டிருந்த இடம், காலம், படகில் வந்த விபரம் ஆகிய அனைத்தும் உலகின் எந்தக் கணனியிலிருந்தும் எடுக்கத்தக்கனவாய் எட்டு நாட்களுக்கு மேல் திறந்து கிடந்தன. 'கார்டியன்' பத்திரிகை பெப்ரவரி 19 அன்று சுட்டிக்காட்டிய பின்னரே திணைக்களம் அதை அறிந்தது. அதற்கிடையில் 104 வெவ்வேறு இணைய முகவரிகளிலிருந்து அக்கோப்பு 123 தடவைகள் திறக்கப்பட்டிருந்தது. அப்பட்டியலில் எம்மவரும் இருந்தனர். எந்த அரசிடமிருந்து தப்பி ஓடினார்களோ அந்த அரசு தம் பெயரை வாசித்திருக்குமா என்ற கேள்வியோடு அவர்கள் பல ஆண்டுகள் உறங்காதிருந்தனர்.

பின்னர் நடந்தவை சட்டப் புத்தகங்களில் உள்ளன. அதே ஆண்டு நவம்பரில் அந்தரங்க உரிமை ஆணையாளர், திணைக்களம் சட்டத்தை மீறியதாகத் தீர்மானித்தார். தமது விபரங்கள் கசிந்தமையே நாடு திரும்ப முடியாமைக்குக் காரணம் என வழக்காடியோரின் விவகாரம் 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் வரை சென்றது. திணைக்களம் கையாண்ட விசாரணை முறை நீதியானதே என அங்கு முடிந்தது. 2021 ஜனவரியில், முறைப்பாட்டில் இணைந்து விபரங்கள் சமர்ப்பித்த 1,297 பேருக்கு, பாதிப்பின் அளவுக்கேற்ப 500 டொலரிலிருந்து 20,000 டொலருக்கு மேல் வரை இழப்பீடு வழங்குமாறு ஆணை பிறந்தது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். ஒரு பெயர் தவறான கைக்குச் செல்ல ஒரு நொடி போதும். அதற்கு விடை காண ஒரு பிள்ளை ஆரம்பப் பாடசாலையை முடித்துவிடும் காலம் தேவைப்பட்டிருக்கிறது.

இப்பழைய கதையை இன்று மீட்டெடுப்பதற்குக் காரணம் உண்டு. 2014 இன் கசிவில் கள்வன் என எவனும் இல்லை. உத்தியோகத்தரின் கவனமின்மை மட்டுமே இருந்தது. அக்கோப்பைத் திறந்து, வரைபடத்தின் அடியிலிருந்த அட்டவணையைக் கண்டு, அதிலே தன் நாட்டவரைத் தேடியெடுத்து, அவர்களின் உறவினர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று பொருத்திப் பார்ப்பதற்கு, அன்று ஒரு மனிதன் வினைகெட்டு உட்கார வேண்டியிருந்தது. இன்று அந்த மனிதன் தேவையில்லை. செயற்கை நுண்ணறிவு என்று பெயரிடப்பட்டுள்ள புதிய கணனிப் பொறிமுறைகள் அவ்வேலையைச் சலிப்பின்றிச் செய்கின்றன.

புலம்பெயர்ந்த தமிழரின் சிறு அமைப்புகளை இதுகாறும் காத்து நின்றவை இரண்டு வேலிகள். ஒன்று எமது சிறுமை. வங்கிகளையும் மருத்துவக் காப்புறுதி நிறுவனங்களையும் குறிவைக்கும் கள்வனுக்கு, துங்காபியில் இயங்கும் ஒரு தமிழ்ப் பாடசாலையின் வரவு இடாப்போ டண்டினோங் பகுதியின் ஒரு மரணசகாய நிதியின் கணக்கேடோ வினைகெடத் தக்க பொருளல்ல. மற்றையது எமது மொழி. எமது கூட்ட அறிக்கைகளும் கடிதங்களும் தமிழில் இருந்தன; பிற மொழியாளன் கைப்பற்றினாலும் மொழிபெயர்ப்பாளன் ஒருவனை அமர்த்தாமல் பயனில்லை. பூட்டுப் போட்டதனால் அல்ல, கள்வன் எமது ஒழுங்கைக்குள் வராததனாலேயே எமது வீடு தப்பி வந்தது. இவ்விரு வேலிகளும் இன்று சாய்ந்துவிட்டன. ஆயிரம் சிறு வீடுகளின் கதவை ஒரே இரவில் தட்டிப் பார்க்கும் கூலி ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. தமிழோ, இப்பொறிகள் வாசிக்கவும் எழுதவும் பழகிவிட்ட மொழிகளில் ஒன்றாகிவிட்டது. முன்னர் வந்த மோசடிக் கடிதங்களை அவற்றின் பிழைத் தமிழே காட்டிக்கொடுத்தது. அக்காவலன் இனி இல்லை. இயந்திரத்தின் தமிழ் பெரும்பாலும் தமிழகத்து வாசனை வீசும், எமது ஊர்ப் பேச்சிலே கால் தடுக்கும் என்பது உண்மைதான். அந்த வேறுபாட்டை மட்டும் நம்பி ஒரு சங்கத்தின் வங்கிக் கணக்கை வைத்திருக்கலாகாது.

இவை கற்பனை அச்சங்கள் என்று தள்ளிவிட முடியாதவாறு நிகழ்வுகள் குவிந்துள்ளன. இத்தகைய பொறியொன்றை ஆக்கி விற்கும் அன்ட்ரொபிக் என்ற அமெரிக்க நிறுவனம், தனது பொறியைப் பயன்படுத்திக் குற்றவாளி ஒருவர் குறைந்தது 17 அமைப்புகளுக்குள் நுழைந்து விபரங்களைக் கவர்ந்து கப்பம் கோரியதாக 2025 ஓகஸ்ட் மாதத்தில் தானே அறிவித்தது. எந்த விபரத்தைக் கவர்வது, எவ்வளவு கேட்பது, அச்சுறுத்தல் கடிதத்தை எவ்வாறு எழுதுவது என்பவற்றிலெல்லாம் பொறியின் கை இருந்தது. சில இடங்களில் கேட்கப்பட்ட தொகை 500,000 அமெரிக்க டொலருக்கும் அதிகம். பாதிக்கப்பட்டோரில் மருத்துவ நிலையங்களும் அரச அலுவலகங்களும் மட்டுமன்றிச் சமய நிறுவனங்களும் அடங்கும் என்ற வரியை எமது ஆலய அறங்காவலர்கள் ஒருமுறை நின்று வாசிக்க வேண்டும். அதே நிறுவனம் நவம்பரில் மற்றொன்றையும் வெளியிட்டது. சீன அரசின் ஆதரவு பெற்றது என்று தான் கருதும் ஒரு குழு, உலகெங்கும் ஏறத்தாழ முப்பது அமைப்புகளைத் தாக்க முயன்றபோது வேலையின் 80 முதல் 90 சதவீதத்தைப் பொறியே செய்தது என்பது அச்செய்தி. சீனா இதை மறுத்தது. தன் பண்டத்தின் வல்லமையைத் தானே பறைசாற்றும் வணிகரின் சொல் இது என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும், விற்பவரே தன் கத்தியில் இரத்தம் கண்டதாகச் சொல்லும்போது வாங்காதவரும் எச்சரிக்கையாவது நன்று.

குரலும் முகமும் கூட இனிச் சாட்சியல்ல. சிட்னி ஒபேரா மாளிகையின் கட்டமைப்பை வகுத்த 'ஆரப்' என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹொங்கொங் கிளையில் 2024 இன் தொடக்கத்தில் ஊழியர் ஒருவருக்கு இலண்டனிலுள்ள நிதித் தலைமை அதிகாரியின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. அவர் முதலில் ஐயுற்றார். ஆனால் தொடர்ந்து நடந்த காணொளிக் கூட்டத்தில் அவ்வதிகாரியையும் அறிந்த சகாக்கள் பலரையும் கண்ணாற் கண்டபின் ஐயம் நீங்கி, 15 தடவைகளில் 200 மில்லியன் ஹொங்கொங் டொலரை அனுப்பிவைத்தார். அக்கூட்டத்தில் அவரைத் தவிர ஏனைய முகங்கள் எல்லாம் கணனி புனைந்தவை. உலகப் புகழ் பெற்ற பொறியியலாளர்களிடையே இது நடந்ததென்றால், பகலெல்லாம் வேலைக்குச் சென்று இரவில் சங்கக் கணக்குப் பார்க்கும் எமது பொருளாளர்களின் நிலை என்ன? ஒருவரின் குரலைப் போலி செய்ய மூன்று நொடி ஒலிப்பதிவு போதும் என மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் 2023 ஜனவரியிலேயே காட்டிவிட்டனர். எமது சங்கத் தலைவர்களின் உரைகளோ மணிக்கணக்கில் இணையத்தில் கிடக்கின்றன. சுருக்கமாகப் பேசும் வழக்கம் எம்மிடம் இல்லாமை கள்வனுக்கு வாய்ப்பாயிற்று.

போலி முகத்தின் கேடு பணத்தோடு நிற்பதில்லை. 2023 நவம்பர் 27, மாவீரர் நாளன்று, விடுதலைப் புலிகளின் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரனின் மகள் துவாரகா என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒரு பெண்ணின் காணொளி வெளியானதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். கணனியின் புனைவு என்றனர் சிலர். ஆள்மாறாட்டம் என்றனர் வேறு சிலர். உண்மையே என்று கண்ணீர் விட்டோரும் இருந்தனர். அன்று ஒரே வீட்டில் தகப்பனும் மகனும் அதைப் பற்றி முகங்கொடுத்துப் பேசாதிருந்ததை நாம் அறிவோம். எமது துயரமே எமக்கெதிரான கருவியாகலாம் என்பதை அந்நாள் உணர்த்திற்று. நாளை அத்தகைய முகமொன்று நிதி கேட்டால், அல்லது 'உங்களிடமுள்ள பெயர்களை அனுப்பிவையுங்கள்' என்று கேட்டால், மறுக்கும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்?

நாடிழந்த மக்களில் இந்நெருக்கடியை முதலில் கண்டவர்கள் நாமல்லர். திபெத்தியரின் அனுபவம் எமக்குப் பாடமாகத்தக்கது. 2009 மார்ச் மாதத்தில் ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தலாய் லாமாவின் அலுவலகக் கணனிகள் உட்பட 103 நாடுகளில் 1,295 கணனிகள் உளவு பார்க்கப்பட்டு வந்ததை வெளிப்படுத்தினர். உட்புகுந்த வழி மிக எளியது: திபெத்திய விடுதலை தொடர்பான கடிதம் போன்று தோன்றிய மின்னஞ்சல், அதனோடு ஒரு கோப்பு. சொந்த மக்களின் கடிதம் என்று நம்பித் திறந்தார்கள். அதன் பின்னர் திபெத்திய இளைஞர்கள் தொடங்கிய இயக்கத்தின் பெயர் சுவையானது. ஆங்கிலத்தில் கடிதத்தோடு வரும் இணைப்புக்கும் பௌத்தம் துறக்கச் சொல்லும் பற்றுக்கும் ஒரே சொல். அச்சொல்லை வைத்தே 'பற்றறுப்போம்' என்று பொருள்பட மடாலயங்கள் தோறும் பிரசாரம் செய்தனர். துறவிகளுக்குப் புரியும் மொழியில் கணனிப் பாதுகாப்பைச் சொன்ன அவர்களின் கெட்டித்தனம் எமக்கும் வேண்டும். ஆங்கிலத்தில் அச்சிட்ட கையேட்டை ஆலய வாசலில் அடுக்கி வைப்பதனால் எமது பெரியவர்கள் எவரும் ஒன்றும் கற்கப் போவதில்லை.

இன்னொரு நிகழ்வு எமது மக்களின் நெஞ்சுக்கு இன்னும் அண்மையானது. காணாமற்போன உறவினரைத் தேடுவதற்காகச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் பெயர் பதிந்த குடும்பங்கள் எம்மிடையே எத்தனையோ உண்டு. 2022 ஜனவரியில் அக்குழுவின் தேடுதற் பிரிவுக்குரிய கணனிகள் ஊடுருவப்பட்டமை தெரியவந்தது. போரினாலும் பேரிடராலும் பிரிந்தோர், காணாமற்போனோர், சிறையிலுள்ளோர் என 515,000 க்கும் அதிகமானோரின் விபரங்கள் அவற்றில் இருந்தன. உலகின் அறுபது தேசியச் சங்கங்கள் திரட்டியவை அவை. நுழைந்தவர்கள் 2021 நவம்பர் 9 ஆம் திகதியே உள்ளே வந்து எழுபது நாட்கள் தங்கியிருந்தனர். அவர்கள் நுழைந்த ஓட்டை, தமிழகத்தில் வேரூன்றிய சோஹோ நிறுவனத்தின் மென்பொருள் ஒன்றில் இருந்தது என்பதை வாசித்தபோது மனம் ஏனோ துணுக்குற்றது. நியாயமாகச் சொல்வதானால், சோஹோ அந்த ஓட்டைக்குரிய திருத்தத்தைச் செப்டெம்பரிலேயே வெளியிட்டுவிட்டது. அதை உரிய காலத்தில் பொருத்தத் தவறியது தாமே எனச் செஞ்சிலுவைக் குழு ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டது. தவறை இவ்வாறு பகிரங்கமாகச் சொன்ன நேர்மையை எமது அமைப்புகள் ஒவ்வொன்றும் பின்பற்ற வேண்டும்.

எமது அமைப்புகளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்போருக்கு ஓர் அனுபவத்தைச் சொல்வோம். சில மாதங்களின் முன் எமது அலுவலகத்துக்குச் சங்கமொன்றின் ஆண்டுவிழா அழைப்பு மின்னஞ்சலில் வந்தது. அதனோடு வந்த எக்செல் கோப்பின் முதலாம் தாளில் நிகழ்ச்சி நிரல். இரண்டாம் தாளில் அங்கத்தவர் குடும்பங்களின் பெயர், முகவரி, கைத்தொலைபேசி இலக்கம், பிள்ளைகளின் வயது, ஊரின் பெயர். கடைசி நிரலில் அவரவர் விசா வகை. 2014 இல் திணைக்களம் செய்த அதே தவறு, அதே வடிவில். செயலாளரை அழைத்துச் சொன்னபோது, "சேர், எங்கட பேப்பருக்குத்தானே வந்தது, பயப்பிடாதேங்கோ" என்றார். அம்மின்னஞ்சல் எம்மோடு சேர்த்து அறுபது முகவரிகளுக்குச் சென்றிருந்தது. அவரைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஊதியமின்றி உழைக்கும் நல்ல மனிதர். விசா வகையை ஏன் கேட்டு எழுதினீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் அவரிடம் விடை இல்லை. பழைய படிவத்தில் இருந்தது, புதிய படிவத்திலும் வந்துவிட்டது.

ஆலயங்களின் அர்ச்சனைப் பதிவேட்டில் பெயரும் நட்சத்திரமும் பிறந்த நாளும் உண்டு. பழைய மாணவர் சங்கங்களிடம் படித்த பாடசாலையும் ஆண்டும் உண்டு. ஊர்ச் சங்கங்களிடம், ஊரில் இன்னும் வாழும் பெற்றோரின் விலாசமும் அவர்களுக்குப் பணம் அனுப்பும் கணக்கும் உண்டு. தனித்தனியே பார்த்தால் தீங்கற்றவை. நான்கையும் ஒன்றாக்கினால், மெல்பேணில் ஊர்வலத்திற் கொடி பிடித்தவரின் தாயார் வன்னியில் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது தெரிந்துவிடும். ஒன்றாக்குவதுதான் இப்பொறிகள் மிக இலகுவாகச் செய்யும் வேலை. நிகழ்வுகளின் புகைப்படங்களும் அவ்வாறே. முகநூல் முதலிய தளங்களிலிருந்து கோடிக்கணக்கான முகங்களைத் திரட்டி விற்ற 'கிளியர்வியூ' என்ற அமெரிக்க நிறுவனம் இந்நாட்டுச் சட்டத்தை மீறியதாக 2021 இல் ஆணையாளர் தீர்ப்பளித்தார். அத்தகைய பொறி ஒரு நிறுவனத்திடம் மட்டும் இருக்குமென எண்ணுவதற்கில்லை. மாவீரர் நாள் மண்டபத்தில் கூடியிருந்தோரின் முகங்களைப் பெயரோடு இணையத்தில் இடும் ஆர்வலர்கள், அம்முகங்களுக்குரியோர் சிலர் நாளை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரிசையில் நிற்க நேரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் எம்மைக் காக்குமா? இந்நாட்டின் 1988 ஆம் ஆண்டு அந்தரங்க உரிமைச் சட்டம், ஆண்டு வருமானம் மூன்று மில்லியன் டொலருக்கு மேற்படாத அமைப்புகளைப் பொதுவாக விட்டுவிடுகிறது. இவ்விதிவிலக்கை நீக்க 2023 செப்டெம்பரில் அரசு கொள்கையளவில் இணங்கியது. 2024 இன் திருத்தச் சட்டம் அதைத் தொடவில்லை. கப்பம் செலுத்தினால் 72 மணித்தியாலங்களுள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று 2025 மே 30 முதல் நடைமுறைக்கு வந்த விதியும் அதே மூன்று மில்லியன் கோட்டிலேயே தொடங்குகிறது. ஆகவே எமது சங்கங்களிற் பெரும்பாலானவற்றை எந்த அதிகாரியும் வந்து கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டியவர்கள் அங்கத்தவர்கள்தாம். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் சிற்றுண்டிச் செலவை அரை மணி நேரம் ஆராயும் நாம், 'எமது பெயர்கள் எந்தக் கணனியில் உள்ளன, கடவுச்சொல் எவரிடம் உள்ளது' என்று ஒரு நிமிடமேனும் கேட்டதுண்டா? சங்கங்கள் இரண்டாக உடைவது எமக்குப் புதிதன்று. உடையும்போது பட்டியலும் இரண்டாகிறது; பதவி இழந்த செயலாளரின் மடிக்கணனியிலும் ஒன்று எஞ்சுகிறது. எந்த ஊடுருவலும் இன்றியே பட்டியல் ஊரெங்கும் பரவும் வழி இது.

புகலிடக் கோரிக்கையாளர்களுக்கு நேரடியாக ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. சத்தியக் கடதாசியையும் திணைக்களத்துக்கான வாக்குமூலத்தையும் மொழிபெயர்ப்பதற்காக இலவச அரட்டைப் பொறிகளில் ஒட்டும் பழக்கம் பரவி வருகிறது. வழக்கறிஞருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் கொடுக்கப் பணமில்லாதவர் செய்வது எமக்குப் புரிகிறது. ஆயினும் அவ்வாக்குமூலத்தில் இருப்பது உங்கள் பெயர் மட்டுமன்று; உங்களை ஒளித்து வைத்தவரின் பெயர், படகுக்கு ஒழுங்கு செய்தவரின் பெயர், இன்னும் ஊரிலிருக்கும் தம்பியின் பெயர். பயிற்சி பெற்ற அரச ஊழியரே இங்கு இடறியிருக்கிறார்கள். விக்ரோரியாவில் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் ஒருவர் ஒரு பிள்ளையின் வழக்கு விபரங்களைச் சாட்ஜிபிடியில் இட்டு நீதிமன்ற அறிக்கை தயாரித்ததையும், அந்த அறிக்கை பிள்ளைக்கிருந்த ஆபத்தைக் குறைத்துக் காட்டியதையும் அம்மாநிலத் தகவல் ஆணையாளர் 2024 செப்டெம்பரில் வெளிப்படுத்தினார். நியூ சவுத் வேல்ஸில் வெள்ளத்தால் வீடிழந்தோரின் விண்ணப்ப விபரங்கள் 12,000 க்கும் அதிகமான வரிகள் கொண்ட அட்டவணையாக 2025 மார்ச் மாதத்தில் அதே பொறியில் ஏற்றப்பட்டன. செய்தவர் ஓர் ஒப்பந்த ஊழியர். அது பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது ஒக்டோபரில். இவர்கள் எவரும் தீயவரல்லர். வேலையை விரைவில் முடிக்க விரும்பியவர்கள். மொழிபெயர்ப்புக்கு வேறு வழியே இல்லையெனில் பெயர், ஊர், திகதி அனைத்தையும் நீக்கி, 'அ', 'ஆ' என்று எழுத்திட்ட பின்னரே ஒட்டுங்கள். எமது இளைஞர்களில் ஆங்கிலப் புலமை உள்ளோர் வாரத்தில் ஒரு மாலையை இப்பணிக்கு ஒதுக்க முன்வந்தால், அது எத்தனையோ நினைவுக் கூட்டங்களிலும் பெறுமதி வாய்ந்தது.

அமைப்புகள் செய்யவேண்டியது என்ன? விலையுயர்ந்த கருவிகளை வாங்குமாறு நாம் சொல்லவில்லை. முதற்பணி குறைத்தல். தேவையற்றதைக் கேளாதீர்கள், கேட்டதை வேலை முடிந்ததும் அழியுங்கள். இல்லாத பட்டியலை எந்தப் பொறியாலும் திருட முடியாது. விசா வகை, ஊரிலுள்ள உறவினர் விலாசம் ஆகியன எந்த அங்கத்துவப் படிவத்திலும் இருக்கக் கூடாது. எஞ்சுவதை ஒரே இடத்தில், இருவர் மட்டும் திறக்கக்கூடியதாக வையுங்கள். மின்னஞ்சலிலோ வட்ஸ்அப் குழுக்களிலோ முழுப் பட்டியலை அனுப்பும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

பணம் அனுப்புவதற்கு இருவர் ஒப்புதல் என்பது எமது சங்க யாப்புகளில் ஏற்கனவே உள்ளது. காசோலைக் காலத்தில் இருவர் கையொப்பமிட்டோம். இணைய வங்கி வந்தபின் அந்நல்வழக்கம் தேய்ந்தது. அதை மீட்க வேண்டும். தலைவரின் குரலில் அழைப்பு வந்தாலும், முகத்தோடு காணொளி வந்தாலும், அதை வைத்துவிட்டு உங்கள் ஏட்டிலுள்ள பழைய இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் தலைவர்கள் இருப்பார்கள். தமது குரல் போலி செய்யப்படலாம் என்பதையும், 'என்னைச் சோதியுங்கள்' என்பதையும் அவர்களே நிர்வாகக் குழுவில் முதலில் சொல்லிவிட்டால் அச்சங்கடம் நீங்கும். குடும்பங்களிலும் அவ்வாறே, ஊரில் அம்மம்மா பயன்படுத்திய ஒரு சொல், வீட்டு நாயின் பெயர், இணையத்தில் எங்குமில்லாத ஏதேனும் ஒன்று, அவசர அழைப்பின்போது கேட்கும் அடையாளச் சொல்லாக இருக்கட்டும்.

கடவுச்சொல்லோடு இரண்டாம் சோதனையும் கேட்கும் முறையைச் சங்கத்தின் மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் கட்டாயமாக்குங்கள். இது அற்பமாகத் தோன்றும். மெல்பேணைத் தலைமையகமாகக் கொண்ட மெடிபாங் காப்புறுதி நிறுவனத்தில் 2022 ஒக்டோபரில் 9.7 மில்லியன் மக்களின் விபரங்கள் கவரப்பட்டன. ஒப்பந்தக்காரர் ஒருவரின் கடவுச்சொல் திருடப்பட்டதும், இரண்டாம் சோதனை இல்லாமையால் அது ஒன்றே உள்ளே செல்லப் போதுமாயிருந்ததும்தான் காரணம் என்பது தகவல் ஆணையாளர் 2024 இல் நீதிமன்றத்தில் சுமத்திய குற்றச்சாட்டு. கணனி கேட்கும் திருத்தங்களை 'பிறகு' என்று தள்ளாமல் பொருத்துவதும், முக்கிய ஆவணங்களின் பிரதியொன்றை இணையத்தோடு தொடுக்காத கருவியில் வைப்பதும் அதைப் போன்றனவே.

இவ்வளவு செய்தும் தவறு நேரலாம். நேர்ந்தால் எமது இயல்பு மறைப்பது. சங்கத்தின் மானம் போகுமே என்பது முதற் கவலை. ஆனால் அன்றே அறிந்திருந்தால் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார், தாயாரை வேறு வீட்டுக்கு அனுப்பியிருப்பார் என்ற நிலையில் உள்ள அங்கத்தவர் ஒருவருக்கு, மூன்று மாதங்களின் பின் வரும் மன்னிப்புக் கடிதத்தால் என்ன பயன்? பணம் சென்றிருந்தால் முதலில் வங்கி. பின்னர் அரசின் கணனிப் பாதுகாப்பு அவசர இலக்கம் 1300 292 371. அடையாள ஆவணங்கள் களவு போயிருந்தால் ஐடிகெயர் அமைப்பு, 1800 595 160. ஆங்கிலம் தடையாயின் 131 450 க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். விசா நிலை உறுதியாகாதோர் எந்த அரச இலக்கத்தையும் அழைக்க அஞ்சுவதை நாம் அறிவோம். அவர்களுக்காகச் சங்கம் தன் பெயரில் அழைக்கலாம்.

ஊருக்கு உபதேசம் செய்வோர் தம் வீட்டையும் பார்க்கக் கடவர். இத்தலையங்கத்தை எழுதத் தொடங்கியபோது எமது அலுவலகக் கணனியில் சந்தாதாரர் பட்டியலைத் தேடினோம். ஐந்து பிரதிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று பணியிலிருந்து விலகிச் சென்றவர் திறந்த மின்னஞ்சற் கணக்கில் இருந்தது. சந்தா முடிந்து இரண்டு ஆண்டுகள் கடந்தோரின் பெயர்களும் முகவரிகளும் இவ்வாரம் அழிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியது ஒரு பிரதி, இருவர் பொறுப்பு. மீண்டும் சந்தாதாரராக விரும்புவோர் பெயரையும் பத்திரிகை வந்து சேரவேண்டிய முகவரியையும் மட்டும் தபாலில் எழுதி அனுப்பினால் போதும். வேறெதையும் நாம் கேட்கமாட்டோம். எமது பெயரில் எவரேனும் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால், அவர் நாமல்லர்.